அப்டேட் இருக்கிறது, மெஷின் இல்லை என்கிறது: கிட் வழியாக நிறுவிய மென்பொருள்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

நண்பர் பட்டறையில் 3டி பிரிண்டரை ஓட்டும் ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி, சுருக்கமாக ‘பை’), என் வீட்டில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், தெரிந்தவர் அலுவலகத்தில் ஒரு பழைய லினக்ஸ் சர்வர். மூன்றிலும் முக்கியமான மென்பொருள் கிட்ஹப் தளத்திலிருந்து ‘கிட் குளோன்’ வழியாக வந்தது, அதாவது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியால் மொத்தமாக நகலெடுத்தது. அதனால் அப்டேட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தொலைவில் இருக்கும் அந்த மூல நிரல் களஞ்சியத்தை, அதாவது ரெப்போவைத்தான் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி எங்கேயாவது சிக்கிக்கொண்டால் எனக்குப் போன் வரும். திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ‘ஹெட்’ எப்போதும் பெரிய எழுத்தில், மற்றவை நான் சொல்லாதவரை சிறிய எழுத்தில்.

## எதையும் தொடுவதற்கு முன் இரண்டு வரி

மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் முதலில் ‘கிட் எல்எஸ்-ரிமோட் ஆரிஜின் ஹெட்’ அடியுங்கள். இது எதையும் டவுன்லோடு செய்யாது, எதையும் மாற்றாது. அந்தப் பக்கம் இப்போது எந்தக் கமிட் (பதிந்து வைத்த மாற்றம்) கடைசியாக இருக்கிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லும். அப்புறம் ‘கிட் ரெவ்-பார்ஸ் ஹெட்’. இது உங்கள் மெஷினில் இருப்பதைச் சொல்லும். இரண்டும் 40 எழுத்து நீளமுள்ள எண்கள். முதல் ஏழெட்டு எழுத்தை ஒப்பிட்டால் போதும்.

இரண்டும் வேறு வேறு என்றால் அறிகுறி 1-க்குப் போங்கள். முதல் கட்டளையே பிழை காட்டினால் 2 அல்லது 3. இரண்டும் ஒன்றாகவே இருந்து, ஓடுவது மட்டும் பழைய வெர்ஷன் என்றால் நேராக 7.

ஒரு எச்சரிக்கை: சில மென்பொருள்களை வேண்டுமென்றே ‘ஸ்டேபிள்’ மாதிரி தனி பிராஞ்சில் (அதே நிரலின் தனிக் கிளை) நிறுவியிருப்பார்கள். அங்கே இந்த இரண்டு எண்ணும் வேறாகத்தான் இருக்கும், அது கோளாறு அல்ல. அப்போது முதல் கட்டளையில் ‘ஹெட்’ என்ற இடத்தில் அந்த பிராஞ்ச் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள்.

## அறிகுறி 1: ‘அப் டு டேட்’ என்கிறது, ஆனால் அங்கே புதியது இருக்கிறது

எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இதுதான்.

ஃபெட்ச் (அந்தப் பக்கத்துப் புது விவரங்களை வாங்கி வைப்பது) செய்யாமலே ஸ்டேட்டஸ் பார்ப்பது. ‘கிட் ஸ்டேட்டஸ்’ நெட்டுக்குப் போவதே இல்லை. கடைசியாக எப்போது ஃபெட்ச் செய்தீர்களோ, அன்றைய நினைவை வைத்துக்கொண்டு ‘யுவர் பிராஞ்ச் ஈஸ் அப் டு டேட்’ என்று பேசுகிறது. மூன்று மாதமாக நெட் கேபிளைப் பிடுங்கி வைத்திருந்தாலும் அதையேதான் சொல்லும். ‘கிட் ஃபெட்ச் ஆரிஜின்’ அடித்துவிட்டு மறுபடி ஸ்டேட்டஸ் பாருங்கள். ‘பிஹைண்ட்’ என்று எத்தனை கமிட் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று வந்தால் கோளாறு பிடிபட்டது. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி தினமும் சோதிக்கிறவர்கள் இந்த ஒரு வரியைத்தான் மறந்திருப்பார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

என்ன வந்திருக்கிறது என்று இறக்குவதற்கு முன்பே படிக்க ‘கிட் லாக் --ஒன்லைன் ஹெட்..ஆரிஜின்/மெயின்’ உதவும். ஃபெட்ச் உங்கள் ஃபைல்களைத் தொடாது, அதனால் பயப்படாமல் செய்யலாம். ‘கிட் புல்’ அப்படியல்ல, அது வாங்கியதை உங்கள் ஃபைல்களிலேயே போட்டுவிடும்.

பிராஞ்ச் பெயர் மாறியிருப்பது. கிட்ஹப்பில் 2020 அக்டோபர் 1 முதல் புது ரெப்போக்களின் முதன்மை பிராஞ்ச் ‘மெயின்’ ஆனது. அதையொட்டிப் பல பழைய திட்டங்களும் ‘மாஸ்டர்’ என்பதிலிருந்து மாறின. அதற்கு முன் குளோன் செய்த மெஷின் இன்னும் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் மாஸ்டர் அழிக்கப்பட்டிருந்தாலும் உங்கள் பக்கம் அதன் பழைய நிழல் அப்படியே நிற்கும், ஸ்டேட்டஸும் ‘அப் டு டேட்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ‘கிட் எல்எஸ்-ரிமோட் --சிம்ரெஃப் ஆரிஜின் ஹெட்’ அடித்தால் முதன்மை பிராஞ்ச் எது என்று பெயரோடு காட்டும். மெயின் என்று வந்து, நீங்கள் மாஸ்டரில் இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்: ‘கிட் பிராஞ்ச் -எம் மாஸ்டர் மெயின்’, ‘கிட் ஃபெட்ச் --ப்ரூன் ஆரிஜின்’, ‘கிட் பிராஞ்ச் -யூ ஆரிஜின்/மெயின் மெயின்’, கடைசியாக ‘கிட் ரிமோட் செட்-ஹெட் ஆரிஜின் -ஏ’.

டேகில் (ஒரு வெர்ஷனுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு) நின்றுகொண்டிருப்பது. ‘கிட் ஸ்டேட்டஸ்’ முதல் வரியிலேயே ‘ஹெட் டிடாச்ட்’ என்று சொன்னால், யாரோ ஒரு குறிப்பிட்ட வெர்ஷனை செக்-அவுட் செய்து நிறுவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே புல் செய்தால் ‘நீங்கள் எந்த பிராஞ்சிலும் இல்லை’ என்று திட்டும். ‘கிட் ஃபெட்ச் --டேக்ஸ்’ செய்து புதிய டேக் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த டேகை செக்-அவுட் செய்யுங்கள், அவ்வளவுதான். டேகில் நிறுவியவர் காரணத்தோடுதான் செய்திருப்பார், அதனால் பிராஞ்சுக்கு மாற்றும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மேலோட்டமான குளோன். இடத்தை மிச்சப்படுத்த ‘--டெப்த் 1’ போட்டுக் குளோன் செய்திருந்தால், அது ஒரே ஒரு பிராஞ்சை மட்டும் பின்தொடரும். வேறு பிராஞ்சில் வந்த அப்டேட் கண்ணிலேயே படாது. டேகுகளும் இல்லாததால் ‘கிட் டிஸ்க்ரைப்’ வைத்து வெர்ஷன் காட்டும் மென்பொருள் முழிக்கும். ‘கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ --டேக்ஸ்’ வரலாற்றையும் டேகுகளையும் கொண்டுவரும். எல்லா பிராஞ்சும் வேண்டுமென்றால் ‘கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ் ஆரிஜின்’ என்பதோடு மேற்கோளுக்குள் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்து அடித்துவிட்டு மறுபடி ஃபெட்ச்.

ஸ்கிரிப்டின் கணக்குப் பிழை. வெர்ஷன் எண்ணை எழுத்தாக ஒப்பிட்டால் 1.10 என்பது 1.9-ஐ விடச் சின்னது. கணினிக்கு அது அகராதி வரிசை. 1.9 வரை ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் 1.10 வந்த அன்று செத்துப்போவது இதனால்தான். லினக்ஸில் ‘சார்ட் -வி’ (வி பெரிய எழுத்து) வெர்ஷன் போலவே வரிசைப்படுத்தும். ஒரு பக்கம் எண்ணுக்கு முன் ‘வி’ எழுத்து இருந்து மறு பக்கம் இல்லாவிட்டாலும் ஒப்பீடு தடுமாறும், வெட்டிவிடுங்கள்.

திட்டமே நின்றுபோனது. உலாவியில் ரெப்போவைத் திறந்து பாருங்கள். ‘ஆர்க்கைவ்ட்’ என்று மஞ்சள் பட்டை இருந்தால் அது படிக்க மட்டும், இனி அங்கே எதுவும் வராது. யாராவது வேறு இடத்தில் தொடர்கிறார்களா என்று முகப்பு விளக்கத்தில் தேடுங்கள். இந்த இடத்தில் சரிசெய்வதற்கு ஒன்றும் இல்லை. மாற்று மென்பொருளுக்குப் போவதா என்பதை அதைப் பயன்படுத்துகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

## அறிகுறி 2: ரெப்போவை எட்டவே முடியவில்லை

‘குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்’. கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் சேவையில். அதே மெஷினில் வேறு ஏதாவது தளத்துக்கு பிங் போகிறதா பாருங்கள். பை-ஹோல் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வேடிக்கை உண்டு. அந்தப் பெட்டி தனக்கும் தானே டிஎன்எஸ்ஸாக இருக்கும். அப்டேட்டுக்காக அதன் சர்வீஸை நிறுத்தினால் தன் அப்டேட்டையே தேட முடியாமல் நிற்கும். அந்த மெஷினுக்கு மட்டும் ரவுட்டரையோ வெளி டிஎன்எஸ்ஸையோ கொடுத்து வையுங்கள்.

சான்றிதழ் பிழை. ‘சர்டிஃபிகேட்’ என்ற சொல் பிழையில் வந்தால் முதலில் ‘டேட்’ அடித்துத் தேதியைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் போர்டில் கடிகாரம் கிடையாது. பை 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கிச் சொருக வேண்டும். மூன்று மாதம் அணைத்து வைத்துவிட்டு எழுப்பினால், கடைசியாகத் தூங்கிய நாளே இன்று என்று நினைத்துக்கொள்ளும். நெட்டிலிருந்து நேரம் வாங்கிவிட்டால் சரியாகிவிடும். அலுவலக ஃபயர்வால் யுடிபி 123 போர்ட்டை அடைத்திருந்தால் அதுவும் நடக்காது.

தேதி சரி என்றால் மெஷினில் உள்ள சான்றிதழ்த் தொகுப்பு பழசாகியிருக்கும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. கிட்ஹப்புக்குப் பதில் சொந்த சர்வரில் கிட்லேப், கிட்டீ வைத்திருக்கும் பல திட்டங்கள் அந்தச் சான்றிதழ்களைத்தான் பயன்படுத்தின. அன்று முதல் பழைய லினக்ஸ்கள் அவற்றை நம்ப மறுத்தன. ‘சிஏ-சர்டிஃபிகேட்ஸ்’ பேக்கேஜைப் புதுப்பியுங்கள். அந்த லினக்ஸ் வெர்ஷனுக்கே ஆதரவு முடிந்துவிட்டது என்றால் ஓஎஸ்ஸை மாற்றுவதுதான் வழி.

சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடும்படி இணையத்தில் யோசனை கிடைக்கும். செய்யாதீர்கள். நீங்கள் இறக்கப்போவது உங்கள் மெஷினில் ஓடப்போகும் நிரல். அதை யார் தருகிறார் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

மிகப் பழைய முகவரி. ‘கிட் ரிமோட் -வி’ அடியுங்கள். முகவரி ‘கிட்’ என்ற சொல், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு என்று தொடங்கினால், கிட்ஹப் அந்தப் பாதையை 2022 மார்ச் 15 அன்று நிரந்தரமாக மூடிவிட்டது. ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஆரிஜின்’ போட்டு எச்டிடிபிஎஸ் முகவரியைக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

எஸ்எஸ்எச் (சாவி வைத்து இணையும் வழி) தொங்கி நின்று டைம்-அவுட் ஆவது. போர்ட் 22 அடைபட்டிருக்கும். கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில் சகஜம். கிட்ஹப் இதற்காகவே எஸ்எஸ்எச்சை 443 போர்ட்டிலும் தருகிறது. எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் கிட்ஹப்புக்கான ஹோஸ்ட்நேமை ‘எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம்’ என்றும் போர்ட்டை 443 என்றும் எழுதுங்கள். வெறும் அப்டேட் பார்க்கும் மெஷினுக்கு எஸ்எஸ்எச் தேவையே இல்லை என்பது என் கட்சி. பொது ரெப்போ என்றால் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது: அதே கட்டளை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது, அலுவலக நெட்டில் ஓடவில்லை என்றால் கோளாறு உங்கள் மெஷினில் இல்லை. அங்கே நெட்வொர்க் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். ‘நெட் வரலை’ என்று சொன்னால் அவர் ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். எந்த முகவரி, எந்த போர்ட், என்ன பிழை என்று மூன்றையும் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: பொது ரெப்போதான், ஆனால் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கிறது

இதைப் பார்த்ததும் பாஸ்வேர்டைத் தேடிப் போகாதீர்கள். பொது ரெப்போவை ஃபெட்ச் செய்ய யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்கிறது என்றால் அந்த முகவரியில் பொதுவாக எதுவும் இல்லை என்று பொருள். ரெப்போ அழிக்கப்பட்டிருக்கலாம், தனியார் ரெப்போவாக மாற்றப்பட்டிருக்கலாம், முகவரியில் எழுத்துப் பிழை இருக்கலாம். கிட்ஹப் ‘இருக்கிறது, ஆனால் உனக்கு இல்லை’ என்று சொல்வதில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்தான். லாகின் செய்யாத உலாவியில் அதே முகவரியைத் திறந்தால் 404 வரும்.

பெயர் மாறிய ரெப்போவுக்குப் பழைய முகவரியிலிருந்து கிட்ஹப் தானாகவே வழி திருப்பிவிடும். அதனால் வருடக்கணக்கில் உங்களுக்குத் தெரியாமலே ஓடும். ஆனால் பழைய பெயரில் புதிதாக ஒரு ரெப்போ உருவானால் அந்த வழித்திருப்பல் போய்விடும். உங்கள் மெஷின் யாரோ ஒருவருடைய நிரலைக் கேட்டுக்கொண்டிருக்கும். எனவே இடம் மாறிவிட்டது என்று தெரிந்த அன்றே புது முகவரியைப் போட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே தனியார் ரெப்போ என்றால்: கணக்குப் பாஸ்வேர்டு 2021 ஆகஸ்ட் 13-க்குப் பிறகு கிட்ஹப்பில் கிட் வேலைகளுக்குச் செல்லாது. டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதில் கிட்ஹப்பில் உருவாக்கிக்கொள்ளும் ரகசியக் குறியீடு) வேண்டும். முன்பு ஓடியது, இப்போது இல்லை என்றால் டோக்கன் காலாவதி ஆகியிருக்கும். டோக்கனை ரிமோட் முகவரிக்குள்ளேயே எழுதி வைக்கிற பழக்கம் வேண்டாம். ஃபோல்டரை அப்படியே பேக்கப் எடுத்து யாருக்காவது கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து போகும்.

எஸ்எஸ்எச்சில் ‘ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ட்’ என்று பெரிய எழுத்தில் கத்தினால்: கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ சாவியை 2023 மார்ச் 24 அன்று மாற்றியது. அதற்கு முன்பிருந்து தூங்கிக்கொண்டிருந்த மெஷினில் இது வரும். கிட்ஹப் வெளியிட்டிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்டுவிட்டு, ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் கிட்ஹப்.காம்’ (ஆர் பெரிய எழுத்து) அடித்துப் பழையதை நீக்குங்கள். ஒப்பிடாமல் நீக்காதீர்கள். கைரேகை ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் இறக்காமல் நெட்வொர்க் ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

## அறிகுறி 4: கையால் அடித்தால் ஓடுகிறது, கிரான் (நேரம் வைத்துத் தானாக ஓட்டும் வசதி) வழியாக ஓடவில்லை

‘டியூபியஸ் ஓனர்ஷிப்’ என்று பிழை வந்தால், ஃபோல்டர் ஒருவர் பெயரில் இருக்கிறது, கட்டளையை ஓட்டுவது வேறொருவர். 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல் இதற்குத் தடை. பாதுகாப்புக்காகத்தான். நல்ல தீர்வு, ஃபோல்டரின் சொந்தக்காரர் பெயரிலேயே கிரான் வேலையைப் போடுவது. அது முடியாத இடத்தில் மட்டும் ‘சேஃப்.டைரக்டரி’ அமைப்பில் அந்த ஒரு ஃபோல்டரைச் சேருங்கள். நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் அனுமதிக்காதீர்கள்.

இதன் அண்ணன் ஒன்று உண்டு. அவசரத்தில் யாரோ ஒரு நாள் ‘சூடோ கிட் புல்’ அடித்திருப்பார். டாட்-கிட் ஃபோல்டருக்குள் சில ஃபைல்கள் ரூட் பெயருக்கு மாறியிருக்கும். அன்று முதல் சாதாரண பயனரின் ஃபெட்ச் ‘இன்சஃபிஷியன்ட் பெர்மிஷன்’ என்று நிற்கும். ‘சோன் -ஆர்’ (இங்கேயும் ஆர் பெரிய எழுத்து) போட்டு முழு ஃபோல்டரையும் பழைய சொந்தக்காரருக்கே திருப்பிக் கொடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் சூழல் மாறிகள். நீங்கள் லாகின் செய்யும்போது கிடைக்கும் ப்ராக்ஸி அமைப்பு, எஸ்எஸ்எச் ஏஜென்ட் எதுவும் கிரானுக்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் தலையிலேயே எழுதிவிடுங்கள். கூடவே ‘கிட்_டெர்மினல்_ப்ராம்ப்ட்=0’ என்பதையும் முழுக்கப் பெரிய எழுத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் தொங்கி நின்று, நாளுக்கு ஒன்றாக முடியாத வேலைகள் குவிய வாய்ப்பு உண்டு.

## அறிகுறி 5: காலையில் ஓடியது, மதியம் 403

கிட்ஹப் ஏபிஐயைக் (நிரல்கள் தகவல் கேட்கும் வாசல்) கேட்டு வெர்ஷன் பார்க்கும் கருவிகளில் இது வரும். டோக்கன் இல்லாமல் கேட்டால் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கேள்விதான். டோக்கனோடு கேட்டால் 5000. நான் ஒருவன்தானே கேட்கிறேன் என்று தோன்றும். ஆனால் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே வெளி ஐபியை நிறைய வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பக்கத்துத் தெருக்காரரும் உங்கள் அறுபதைத் தின்றுகொண்டிருக்கலாம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் ஸ்கிரிப்டை நாளுக்கு ஒருமுறை என்று ஆக்குங்கள். எந்த மென்பொருளும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியாவதில்லை. அல்லது ஏபிஐயை விட்டுவிட்டு ‘கிட் எல்எஸ்-ரிமோட் --டேக்ஸ்’ வைத்துப் பாருங்கள், அது அந்த 60-இல் சேராது.

முகவரி சரியாக இருந்தும் 403-க்குப் பதில் 404 வந்தால், பெரும்பாலும் அந்தத் திட்டம் டேக் மட்டும் போடுகிறது, முறையான ரிலீஸ் வெளியிடுவதில்லை. ‘லேட்டஸ்ட் ரிலீஸ்’ என்ற ஏபிஐ முகவரி ப்ரீ-ரிலீஸையும் காட்டாது.

## அறிகுறி 6: அப்டேட் தெரிகிறது, புல் மறுக்கிறது

‘லோக்கல் சேஞ்சஸ் வுட் பி ஓவர்ரிட்டன்’. யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார். பட்டறையில் கிளிப்பர் (3டி பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) ஓட்டும் ராஸ்பெர்ரி பையில், அதன் அப்டேட்டுகளைக் கவனிக்கும் மூன்ரேக்கர் இதையே ‘டர்ட்டி’ என்று காட்டும். ‘கிட் டிஃப்’ பாருங்கள். பல நேரம் வெறும் அனுமதி மாற்றமாக இருக்கும். ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. உண்மையான மாற்றம் என்றால் ‘கிட் ஸ்டாஷ்’, புல், ‘கிட் ஸ்டாஷ் பாப்’. பாப் செய்யும்போது மோதல் வந்தால், அந்த மாற்றத்தைச் செய்தவர் இல்லாமல் மேலே போகாதீர்கள்.

‘இண்டெக்ஸ்.லாக் எக்ஸிஸ்ட்ஸ்’. வேறு கிட் வேலை ஓடவில்லை என்று ‘பிஎஸ்’ பார்த்து உறுதி செய்துவிட்டு அந்த லாக் ஃபைலை அழியுங்கள்.

‘டைவர்ஜென்ட் பிராஞ்சஸ்’. நீங்கள் எதுவும் கமிட் செய்யவில்லை, ஆனாலும் இது வருகிறது என்றால், அந்தப் பக்கம் வரலாற்றையே திருத்தி ஃபோர்ஸ் புஷ் செய்திருக்கிறார்கள். ஃபெட்ச் செய்தபோது ‘ஃபோர்ஸ்டு அப்டேட்’ என்று ஒரு வரி கடந்து போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். திட்டத்தின் அறிவிப்பில் காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், கான்ஃபிக் ஃபைல்களை வெளியே நகலெடுத்துவிட்டு ‘கிட் ரீசெட் --ஹார்டு ஆரிஜின்/மெயின்’. காரணமே சொல்லாமல் வரலாறு மாறியிருந்தால் நான் இறக்க மாட்டேன், இரண்டு நாள் பொறுத்துப் பராமரிப்பாளரைக் கேட்பேன்.

‘வுட் க்ளாபர் எக்ஸிஸ்டிங் டேக்’. ஏற்கெனவே போட்ட டேகை நகர்த்தியிருக்கிறார்கள். ‘கிட் ஃபெட்ச் --டேக்ஸ் --ஃபோர்ஸ்’. நைட்லி (தினமும் தானாக வெளியாகும் சோதனை வெர்ஷன்) மாதிரி நகரும் டேக் என்றால் கவலை இல்லை. 2.4.1 மாதிரி எண் போட்ட டேக் நகர்ந்தால் ஏன் என்று கேளுங்கள்.

## அறிகுறி 7: அப்டேட் போட்டாச்சு, பழைய வெர்ஷன்தான் ஓடுகிறது

சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தீர்களா? செய்த பிறகும் பழையது என்றால் ‘விச்’ போட்டு எந்த இடத்தில் உள்ள நிரல் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரே மென்பொருள் ஏபிடி வழியாக ஒன்று, கிட் வழியாக ஒன்று என்று இரண்டு இருந்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் புதுப்பித்து இன்னொன்றை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் சேர்த்த இன்னொரு ரெப்போ) உள்ள ரெப்போக்களில் புல் மட்டும் போதாது. ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்’ வேண்டும். பைத்தான் திட்டம் என்றால் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் மாறியிருக்கிறதா பாருங்கள். கிளிப்பரில் இன்னொரு படி உண்டு: சில அப்டேட்டுகளுக்குப் பிறகு பிரிண்டர் போர்டில் உள்ள ஃபர்ம்வேரையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் பட்டனை அழுத்தி எட்டு மணி நேர வேலையைக் கெடுத்துக்கொண்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

## அறிகுறி 8: ‘ஆப்ஜெக்ட் ஃபைல் ஈஸ் எம்ப்ட்டி’, ‘கரப்ட்’

கரண்ட் போனபோது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்றிருக்கும். முதலில் ‘டிஎஃப் -எச்’ பாருங்கள். டிஸ்க் நிரம்பியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் வேறு எதுவும் வேலைக்கு ஆகாது. அப்புறம் ‘கிட் எஃப்எஸ்சிகே --ஃபுல்’.

உடைந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடி ஒட்டவைக்கும் வித்தைகள் இருக்கின்றன. அப்டேட்டுக்காக மட்டும் வைத்திருக்கும் குளோனுக்கு அது வீண் வேலை. கான்ஃபிக் ஃபைல்களை நகலெடுங்கள், பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள், புதிதாகக் குளோன் செய்யுங்கள். பத்து நிமிடம்.

புதுக் குளோனிலும் சில நாளில் அதே பிழை வந்தால் குற்றவாளி எஸ்டி கார்டு. ‘டிமெஸ்ஜி’ வெளியீட்டில் ‘ஐ/ஓ எரர்’ வரிகள் தெரியும், அல்லது கார்டு திடீரென்று படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போயிருக்கும். புதுக் கார்டு வாங்குங்கள், கூடவே ஒழுங்கான பவர் அடாப்டரும். மலிவான செல்போன் சார்ஜரில் ஓடும் ராஸ்பெர்ரி பைகளில்தான் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்தக் கார்டில் பேக்கப் இல்லாத தரவு, அலுவலகக் கணக்கோ பல வருடப் பதிவோ இருந்தால், இங்கேயே கையை எடுத்துவிடுங்கள். ரீபூட் வேண்டாம், எஃப்எஸ்சிகே வேண்டாம், ‘இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம்’ வேண்டாம். மெஷினை அணைத்துக் கார்டைக் கழற்றி, தரவு மீட்புச் செய்பவரிடம் கொடுங்கள். எந்தத் தேதியில் முதல் பிழை வந்தது, அதன் பிறகு என்னென்ன கட்டளை அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கார்டோடு சேர்த்துக் கொடுங்கள்.